பூச்சுக்குப் பின்னால் இருக்கும் வேலை

மகாராஜபுரம், வத்திராயிருப்பு, கூமாப்பட்டி பக்கம் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளைகளுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வழிகள் கொஞ்சம்தான். ராஜபாளையத்தில் மில், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி, சிவகாசியில் அச்சகம் அல்லது பட்டாசு. எதுவும் அமையாவிட்டால் மாமாவோ சித்தப்பாவோ மேஸ்திரியாக இருக்கும் கட்டட வேலை. அந்தக் கடைசி வழியில் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டட வேலை என்றாலே செங்கல் கட்டும் சிமெண்ட் பூச்சும்தான் என்று நினைத்துப் போய், கூட்டத்தோடு கூட்டமாக அங்கேயே நின்றுவிடுகிறோம். அதே தொழிலில் கூட்டம் குறைவான ஒரு மூலை இருக்கிறது. அது பூச்சு அல்ல. பூச்சைத் தாங்கி நிற்கும் பின்தளம்.

பூச்சு தானாக எங்கும் நிற்பதில்லை. செங்கல் சுவர் என்றால் கல்லின் சொரசொரப்பும் இணைப்புகளின் பள்ளமும் அதைப் பிடித்துக்கொள்ளும். செங்கலே இல்லாத இடத்தில் என்ன செய்வது? மரச்சட்டத்தில் எழுப்பிய தடுப்புச் சுவர், மர உத்தரங்களுக்குக் கீழே சமதளமாகத் தெரிய வேண்டிய சீலிங் இவற்றில் பூச்சுக்கு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடிக்காக ஒரு காலத்தில் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக ஆணியடித்தார்கள். இன்ஜினியர்கள் இதை லாத் என்பார்கள். ஓட்டு வீட்டு ரீப்பரைவிட மிக மெல்லியது. அகலம் ஓர் அங்குலம் அல்லது சற்றுக் கூடுதல். கனம் கால் அங்குலம். இரண்டு பட்டிகளுக்கு நடுவே கால் அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி.

அந்த இடைவெளியில்தான் சூட்சுமம். கரணையில் சுண்ணாம்புச் சாந்தை எடுத்து, பட்டிகளுக்குக் குறுக்காக அழுத்தி இழுக்கும்போது, சாந்து இடைவெளி வழியாகப் பின்பக்கம் பிதுங்கும். பிதுங்கியது அங்கே சற்றுத் தொய்ந்து, பட்டியின் முதுகில் மடிந்து உட்காரும். இறுகிய பிறகு அந்த மடிப்புதான், துளையில் மாட்டிய பொத்தான் போல, முன்பக்கப் பூச்சு முழுவதையும் பிடித்து நிறுத்துகிறது. இடைவெளி குறுகினால் சாந்து நுழையாது. அகன்றால் பாரம் தாங்காமல் பின்பக்கம் அறுந்து விழும். உலர்ந்த மரம் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும் என்பதால் பட்டியை முன்கூட்டியே நனைக்க வேண்டும். பட்டிகளின் முனைகள் எல்லாம் ஒரே சட்டத்தில் முடிந்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். அதனால் சில வரிசைக்கு ஒரு முறை முனையை அடுத்த சட்டத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். முதல் பூச்சில் ஆட்டு முடியோ சணலோ நாரோ நறுக்கிக் கலப்பார்கள். ஈரத்திலேயே கீறி விடுவார்கள். இரண்டாவது பூச்சு மட்டத்துக்கு, மூன்றாவது மெருகுக்கு.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் மற்றப் பகுதிகளிலும் வரிச்சு கட்டி மண் பூசிய வீடுகளில் பல தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. அஸ்ஸாமில் 1897 நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய வீட்டு முறையில், மரச்சட்டத்துக்குள் இக்ரா என்ற நாணல் தட்டியை நிறுத்தி இருபுறமும் பூசுவார்கள். சுவர் இலேசாக இருப்பதால் நடுக்கத்தைத் தாங்கும். ஆங்கிலேயர்கள் மலைவாசஸ்தலங்களில் பங்களா கட்டியபோது தங்கள் ஊர் முறையான மரப்பட்டிச் சீலிங்கையும் கொண்டுவந்தார்கள். பின்தளம் மண்ணுக்கு வேறு, சுண்ணாம்புக்கு வேறு, சிமெண்ட்டுக்கு வேறு. ஆனால் ‘பிடி எங்கே?’ என்ற கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த கொத்தனார் எந்தத் தளத்திலும் தனியாகத் தெரிவார்.

மரப்பட்டி அடிப்பது உலகமெங்கும் ஏறத்தாழ நின்றுபோன வேலைதானே, அதைக் கற்று என்ன பயன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1894-இல் அகஸ்டின் சாக்கெட் ஜிப்சம் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் பலகை வந்த இடத்திலெல்லாம் பட்டி போய்விட்டது. அதற்கும் பத்தாண்டு முன்பே, 1884-இல், ஜான் கோல்டிங் தகட்டைக் கீறி இழுத்து வலையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மரப்பட்டியின் வேலையை இரும்பு வலையும் எடுத்துக்கொண்டது. மரம் போனது உண்மைதான். பின்தளம் போகவில்லை. இன்றைக்கு நம் ஊர்க் கடைகளில் ‘சிக்கன் மெஷ்’ என்று சுருட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கோழிவலையும், கல்யாண மண்டபத்து ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிந்திருக்கும் ஜிஐ சேனலும் அந்த மரப்பட்டியின் வாரிசுகள்தாம். ஆகவே இந்த மூலையில் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. ஒன்று உடனே சோறு போடும். மற்றொன்று மெதுவாகப் பெயரும் நல்ல கூலியும் தரும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

உடனே சோறு போடுவதிலிருந்து தொடங்குவோம்.

கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில், வீடு குடிபோன அடுத்த கோடையிலேயே நேர்கோடாக விரிசல் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலுக்குக் கான்கிரீட் ஒரு மாதிரி விரிகிறது, செங்கல் வேறு மாதிரி. பூச்சு நடுவில் மாட்டிக்கொண்டு கிழிகிறது. இதற்குத்தான் சேருமிடத்தில் வலை அடிக்கிறோம். பெரும்பாலான தளங்களில் செய்யும் பிழை, வலையைச் சுவரோடு ஒட்ட இழுத்து ஆணியடித்துவிடுவது. ஒட்டிக் கிடக்கும் வலைக்குப் பின்னால் சாந்து போக வழியில்லை; பிடி விழாது; வலை இருந்தும் இல்லாத கணக்கு. வலை சுவரிலிருந்து சற்று விலகி நிற்க வேண்டும், சாந்து அதைச் சுற்றி முழுவதுமாக மூடவேண்டும், சேருமிடத்தின் இருபுறமும் ஆறங்குலமாவது வலை போகவேண்டும், வழவழப்பான கான்கிரீட் முகத்தைப் பூசும் முன் கொத்திவிட வேண்டும். மரப்பட்டியின் இடைவெளியைப் புரிந்துகொண்டவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமெண்ட் பூச்சுக்கு ஐஎஸ் 1661, சுண்ணாம்புப் பூச்சுக்கு ஐஎஸ் 2394 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிநூல்கள் இருக்கின்றன. அமைவனத்தின் தளத்தில் எடுத்துப் படிக்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கும். படித்த தங்கை ஒருத்தியை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லியாவது ஒரு முறை கேளுங்கள். இன்ஜினியரிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பேசுகிற கொத்தனாரை அவர் மறக்கமாட்டார்.

அடுத்தது ஃபால்ஸ் சீலிங். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புதிய கடை, கிளினிக், வங்கிக் கிளை எதைத் திறந்தாலும் மேலே பலகைதான். ஜிப்சம் பலகை, ஈரம் படும் இடத்தில் கால்சியம் சிலிக்கேட் பலகை. ராஜபாளையத்தில் வேர்விட்ட ராம்கோ குழுமத்தின் ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் இந்தக் கால்சியம் சிலிக்கேட் பலகையைத் தயாரிக்கிறது. பொருள் நம் ஊர்ப் பெயரில் இருக்கிறது. பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களாக இருப்பது எனக்கு உறுத்துகிறது. கற்றுக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. சுவரைச் சுற்றி மட்டம் பார்த்துப் பெரிமீட்டர் சேனல், மேலே தொங்கும் ஆங்கிள், நான்கடிக்கு ஒன்றாக இன்டர்மீடியட் சேனல், அதற்குக் குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சீலிங் செக்‌ஷன், அதன்மேல் அரை அங்குலப் பலகை, ஸ்க்ரூ. பலகையின் இணைப்புகள் ஒரே கோட்டில் வரக் கூடாது என்ற விதி இங்கேயும் உண்டு. மரப்பட்டி முனையை மாற்றி அடித்த அதே காரணம்தான். ஃபேன் மாட்டும் இடத்தைப் பலகையில் விடாமல் கான்கிரீட்டிலிருந்து நேராக இறக்குவது, ஏசி மெஷினுக்குத் திறப்பு விடுவது, எலக்ட்ரீஷியனோடு முதல் நாளே உட்கார்ந்து பேசுவது: வேலை தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரிப்பவை இவைதாம்.

இணைப்பில் டேப் ஒட்டிக் காம்பவுண்ட் இழுக்கும் வேலைக்குக் கைப்பக்குவம் போதும், தோள்பலம் தேவையில்லை. நம் பக்கம் ஒரு பெண் சித்தாளாகச் சேர்ந்தால் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார். இருபது வருடம் கலவை சுமந்தவர் கையில் யாரும் கரணையைக் கொடுப்பதில்லை. கலவையின் பதம் அவருக்குத் தெரிந்த அளவுக்குப் பல கொத்தனார்களுக்குத் தெரியாது. மேஸ்திரிகளுக்கு என் வேண்டுகோள்: உங்கள் குழுவில் உள்ள அக்காவுக்கு முதலில் இந்த இணைப்பு வேலையையும், பிறகு சுண்ணாம்பு மெருகையும் பழக்குங்கள். கூலியையும் கொத்தனார் கணக்கில் கொடுங்கள்.

மெதுவாகப் பெயர் தரும் தொழில் பழுதுபார்ப்பு. நூறு ஆண்டு தாண்டிய கட்டடங்களைத் தொடத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தொடவேண்டிய கட்டடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பு வேலையோடு மீட்டெடுத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. பக்கத்து ஹுமாயூன் மஹாலும் அதே வழியில் மீட்கப்பட்டது. புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே திருமலை நாயக்கர் அரண்மனை என்று ஒரு பழைய சுண்ணாம்புக் கட்டடம் இருக்கிறது. மதுரை மஹாலின் தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் பக்கத்துக் கொத்தனார்களின் முன்னோர் கை எவ்வளவு நுட்பமானது என்று விரல் நுனியில் தெரியும்.

அந்தக் கை கடல் தாண்டியும் போயிருக்கிறது. சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணம் என்றே பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்து இழைத்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட தண்டனைக் கைதிகள். 1862-இல் புனிதப்படுத்தப்பட்ட அந்தத் தேவாலயத்தின் சுவரில் அவர்களுடைய உழைப்பு வெள்ளையாக நிற்கிறது, பெயர்கள் மட்டும் இல்லை.

பழைய பூச்சில் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு சிமெண்ட். விருதுநகர் பக்கம் ஆர்.ஆர். நகரில் ஆலை, ராஜபாளையத்தில் அலுவலகம் என்று சிமெண்ட்டோடு வளர்ந்த ஊர் நம்முடையது. கை தானாக மூட்டைக்குப் போகிறது. புதுக் கட்டடத்துக்கு அது சரி. சுண்ணாம்புச் சுவருக்கும் மரப்பட்டிச் சீலிங்குக்கும் அது எதிரி. சுண்ணாம்பு மெதுவாகக் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி இறுகுகிறது. ஈரத்தை உள்ளே விடும், வெளியேயும் விடும். மரம் அசைந்தால் கூடவே சற்று அசைந்து கொடுக்கும். சிமெண்ட் விறைப்பாக நின்று ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். மரம் உளுக்கும், ஆணி துருப்பிடிக்கும், ஒட்டுப்போட்ட இடம் பக்கத்து நல்ல பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

பழைய சீலிங்கைப் பார்க்கப் போனால் முதலில் கரணையை எடுக்காதீர்கள். கையை எடுங்கள். சாரத்தில் ஏறி, விரல் முட்டியால் அரை அடிக்கு ஒரு தட்டு. பிடி உள்ள இடம் கெட்டியாகப் பேசும். பிடி உடைந்த இடம் வெற்றுச் சத்தம் தரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். உள்ளங்கையால் மெல்ல மேலே அழுத்துங்கள். சீலிங் ஏறி இறங்கினால் பூச்சு பட்டியை விட்டுப் பிரிந்திருக்கிறது. முடிந்தால் மேல்தளத்துப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். மடிப்புகள் முழுசாக இருக்கின்றனவா, நொறுங்கித் தூளாகக் கிடக்கின்றனவா, பட்டியில் கரையான் புற்று ஏறியிருக்கிறதா, ஓட்டிலிருந்து நீர் ஒழுகிய கறை எங்கே தொடங்குகிறது? ஒழுகலை நிறுத்தாமல் பூச்சைத் தொடுவதில் அர்த்தமே இல்லை. பிறகுதான் முடிவு: அகன்ற தலையுள்ள வாஷரோடு ஸ்க்ரூ போட்டு மேலே இழுத்துப் பிடிப்பதா, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதுப் பட்டி அடிப்பதா, மொத்தமும் இறக்குவதா. சந்தேகம் வந்தால் கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டட இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

இது பயமுறுத்தும் பேச்சல்ல. 2013 டிசம்பர் 19 அன்று லண்டன் அப்பல்லோ நாடக அரங்கில், நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே பூச்சுச் சீலிங்கின் ஒரு பகுதி பார்வையாளர்கள் மேல் விழுந்து எழுபதுக்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். 1901-இல் திறந்த அரங்கு. கீழிருந்து பார்த்தால் பூ வேலைப்பாடு அழகாகத்தான் இருந்தது. மேலே அதைத் தாங்கிப் பிடித்திருந்த சணல் துணிக் கட்டுகள் காலப்போக்கில் நைந்துபோயிருந்தன. அதன் பிறகு அந்த நாட்டு அரங்குகளில் சீலிங்கின் பின்பக்கத்தைப் பரிசோதிப்பது ஒரு தனி வேலையாகவே வளர்ந்துவிட்டது. நம் ஊரில் எத்தனை பழைய பள்ளிகள், சத்திரங்கள், அலுவலகங்கள் இருக்கின்றன, யார் மேலே ஏறித் தட்டிப் பார்க்கிறார்கள்?

எங்கே கற்பது? முதல் ஒரு வருடம் ஒரு நல்ல மேஸ்திரியிடம் நிமிர்ந்தாளாக நில்லுங்கள். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் கையில் பழகாமல் எந்தப் பயிற்சி நிலையமும் உதவாது. இல்லையென்றால் ஐடிஐ-யில் கொத்தனார் அல்லது தச்சர் பிரிவு, ஓராண்டு. என்னைக் கேட்டால் தச்சுதான். பின்தளம் மரமும் சேனலுமாக இருப்பதால் அளவெடுத்து அறுக்கத் தெரிந்தவர் பூச்சைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். பூச்சு மட்டும் தெரிந்தவர் அறுக்கக் கற்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். சுண்ணாம்புக்கு மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் சுதைச் சிற்பம் முறையாகப் படிக்கலாம். 1957-இல் தொடங்கிய கல்லூரி. கோபுர வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. ஆரோவில் மண் கட்டுமான நிலையம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. திருவண்ணாமலையில் தண்ணல் குழுவினர் மண், சுண்ணாம்பு வேலையைக் கையோடு கையாகச் சொல்லித் தருகிறார்கள். காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நிறுவனத்தின் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது. சேருவதற்கு முன் கட்டணம், தங்குமிடம், உதவித்தொகை மூன்றையும் போனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 18 வயது முடிந்ததும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு. விபத்து, கல்வி, திருமணம், ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையில் தொங்குகின்றன. புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். வளைகுடா போகும் எண்ணமிருந்தால் பத்தாவதை எப்படியாவது முடித்துவிடுங்கள். அதற்குக் குறைந்த படிப்புள்ளவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஏஜென்ட் அரசு உரிமம் பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

கூலி பேசும் முறையும் ஒரு தொழில்தான். ஃபால்ஸ் சீலிங்குக்குச் சதுர அடிக் கணக்கு சரி; அளவு கண்ணுக்குத் தெரிகிறது. பழைய சீலிங்குக்கு ஒருபோதும் சதுர அடி பேசாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. தட்டிப் பார்த்து அறிக்கை தருவதற்கு ஒரு தொகை, பிறகு நாள் கூலி, பொருள் செலவு தனி. சுண்ணாம்பு ஊறவும் ஒவ்வொரு பூச்சும் இறுகவும் நாட்கள் ஆகும் என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘ஐயா, நடுவில் நாங்கள் வராத நாட்களிலும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும், சுவர் இறுகுகிறது’ என்று விளக்கினால் புரிந்துகொள்வார்கள். அவசரப்படுத்துகிறவர் வேலையை மரியாதையாக விட்டுவிடுங்கள்.

கண்ணும் நுரையீரலும் போனால் தொழில் போனது. பழைய பூச்சை இறக்கும்போது வரும் தூசியில் நூற்றாண்டு அழுக்கும் மணலும் இருக்கும். தலையில் கட்டிய துண்டை மூக்குக்கு இழுத்துவிட்டால் போதாது, முகத்தோடு படியும் மாஸ்க் வேண்டும். சுண்ணாம்பைத் தாளிக்கும்போது கண்ணாடி போடாமல் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குப் போகவேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு சீலிங்கில் இருந்தால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள்; தெரிந்தவர்கள் நனைத்து முழுசாகக் கழற்றட்டும்.

வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு இன்னொன்றும் கொண்டுபோங்கள். மரக்கடையில் கழிவாகக் கிடக்கும் துண்டுகளைக் கால் அங்குலக் கனத்தில் அறுத்து வாங்கி, இரண்டடிக்கு மூன்றடி சட்டத்தில் இடைவெளி பிடித்து அடித்து, நம் தோப்புத் தேங்காய் நாரை நறுக்கிக் கலந்த சாந்தால் முதல் பூச்சு போடுங்கள். ஒரு பாதியில் மூன்று பூச்சும் முடித்து மெருகேற்றுங்கள், மறுபாதியைக் கீறியபடியே விடுங்கள். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் இரண்டு பலகைகள் பெயர்ந்துவிழவும் செய்யும், பரவாயில்லை. நின்றுவிட்ட பலகையை எடுத்துக்கொண்டு மரபுக் கட்டட வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட்டையோ கான்ட்ராக்டரையோ பார்க்கப் போங்கள். மெருகேறிய முகத்தைக் காட்ட அவசரப்படாதீர்கள். பலகையைத் திருப்பி, பின்பக்கத்து மடிப்புகளை முதலில் காட்டுங்கள். வேலை தெரிந்தவர் என்றால் அடுத்த கேள்வியை அங்கிருந்துதான் கேட்பார்.